மகா எலிய என்னும் ஹோட்டன் சமவெளி

1834 ஆம் ஆண்டில் வில்லியம் பிஷர், அல்பேட் வாட்சன் என்னும் ஆங்கிலப் படையதிகாரிகள் இருவர், நமது மலைநாட்டின் உச்சியிலே பரந்த புல்வெளியொன்றைக் "கண்டுபிடித்தனர்". அக்காலத் தேசாதிபதி சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை அதற்குச் சூட்டினர். கண்டுபிடித்தனராம்! சிங்கள மக்கள் மகா எலிய என்று வழங்கிவந்த பெருவெளியன்றோ அது? அங்குள்ள சதுப்பு மண்ணிற் புதைந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அங்கு காட்டை எரித்தும் பயிரிட்டும் வந்தனர் என்கின்றனர். அருகேயுள்ள தொட்டுப்பொல மலையில் இராவணனின் புட்பக விமானம் இறங்கியதென்பது செவிவழிக் கதை. அதனை நாம் வரலாறென்று சாதிக்கவேண்டியதில்லை. ஆனால் 1834 இற்கு முன் அம்மலையை எவரும் அறியார் என்பதிலும் பார்க்க அக்கதை உண்மைக்குக் கிட்டியது.

பெயர் சூட்டியவர்களின் பின் வேட்டைக்காரர் வந்தனர். நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தை ஏவி மரைகளை வேட்டையாடியவர். ஓர் அருவி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. யானைகளும் ஒருகாலத்தில் இவ்வுயரத்திலே திரிந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியோடு அவை அற்றுப்போயின.

எனினும் துப்பாக்கியிலும் கோடரியே கொடியது. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைநாட்டுச் சரிவுகள் மொட்டையாக்கப்பட்டன. அச்சரிவுகளின் தோட்டங்களில் உழைத்த கைகளுட் பெரும்பாலானவை, தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளரின் கைகள். வேட்டையாடிய துரைக்கு ஓர் அருவி கிடைத்தது; இவர்களுக்கோ ஓர் ஓடையேனும் இல்லை.

அழிவு உச்சிவரை ஏறாமைக்குக் காரணம் 1873 இல் எழுந்த ஓர் ஆலோசனை. கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு அரசினருக்கு எடுத்துரைத்தார். அவ்வுயரத்திற்கு மேல் காடழித்தலைத் தடுக்கும் ஆணையும் பிறந்தது. நுவரெலியாவைச் சூழ அக்கோட்டுக்கு மேலும் தேயிலை நிற்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாம் ஒஹியப் பக்கமாக ஏறியபோது, தேயிலை ஓரிடத்தில் நின்றுவிட, பாசி படர்ந்த குறுமரக்காடு தொடங்குவதைக் கண்ணாரக் கண்டோம். அக்காட்டுக்கு அப்பால், ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில், மூடுபனி தவழும் புல்வெளி.

அம்மூடுபனியைக் குளிரென்று வெறுப்போர் பலர். அதுவே இலைகளிற் படிந்து துளித்துளியாய் இறங்கி ஓடைகளை வளர்க்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இம்மேட்டிலிருந்து நீர் செல்கிறது. உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையை மட்டும் எட்டிப் பார்த்துத் திரும்புவோர், காலடியில் சலசலக்கும் இந்நீரையும் சற்று நோக்கலாம்.

1969 இல் சரணாலயமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் இவ்விடம் அறிவிக்கப்பட்டது. 2010 இல், இலங்கையின் மத்திய மேட்டுநிலத்தின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. நுழைவாயிலிலே பொலித்தீன் பைகளைச் சோதித்து வாங்கிவிடுகின்றனர். விலங்குகளுக்கு உணவளித்தல் தகாது. ஆனாலும் பேக்கரின் நாய்களுக்கஞ்சி ஓடிய மரைகளின் வழிவந்தவை, இன்று வாகனங்கள் நிற்குமிடத்தில் பயணிகளின் கைகளையே பார்த்து நிற்கின்றன.