லாடம் கட்டியவரின் வழித்தடம்

பேரன் என்னும் உறவுப்பெயர் ‘பெயரன்’ என்பதன் மரூஉ ஆகும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இம்மரபு கொங்கு நாட்டில் நெடுங்காலம் போற்றப்பட்டது. எனவே, எழுதிவைத்த ஏடு ஒன்றும் இல்லாத குடும்பத்திலும், இரண்டு பெயர்கள் மாறி மாறி வருவதைக் கொண்டு நான்கைந்து தலைமுறைகளை வரிசைப்படுத்திவிடலாம். ஆயினும், அப்பெயருக்குரியவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைப் பெயர் மட்டும் உரைக்காது. அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. வள்ளல்களுக்குச் சதகம் உண்டு. கார்மேகக் கவிஞர் இயற்றிய கொங்கு மண்டல சதகம் இந்நாட்டின் தலங்களையும் வள்ளல்களையும் புலவர்களையும் போற்றுவது. எருதின் காலடியில் அமர்ந்து லாடம் கட்டிய முன்னோரைத் தேடுவோர் வேறு தடம் பற்றிச் செல்லவேண்டும்.

அவிநாசி அத்தேடலுக்கு ஏற்ற ஊர். சுந்தரர் பாடல்பெற்ற திருப்புக்கொளியூர் என்னும் சிறப்பு ஒருபுறம் இருக்க, இது பெருவழியில் அமைந்த ஊருமாகும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கோவை வழியே சேலம் நோக்கிச் செல்லும் சாலை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. 1799 வரை கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்தது. பின்னர்க் கும்பினியார் வசமாயிற்று. ஆட்சி மாறினும் வண்டிப்பாதை மாறவில்லை. சரளையும் பாறையும் நிறைந்த நிலத்தில் பாரம் இழுக்கும் எருதுக்குக் குளம்பு தேயும். தேய்ந்த குளம்போடு எருது நொண்டினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் குடும்பத்தின் அடுப்பும் நிற்கும். லாடம் கட்டுபவரின் இன்றியமையாமை இங்கிருந்தே தொடங்குகிறது.

குதிரைக்குக் காலொன்றுக்கு ஒரு லாடம். எருதின் குளம்போ பிளவுபட்டது. ஆகவே காலுக்கு இரண்டாக, ஓர் எருதுக்கு எட்டுத் தகடுகள் வேண்டும். எருதைக் கயிறிட்டுச் சாய்த்துக் கால்களைச் சேர்த்துக் கட்டுவர். குளம்பின் அடியைச் செதுக்கிச் சமன் செய்து, தகட்டைப் பொருத்தி ஆணி அறைவர். ஆணி சற்றே உள்ளே சாய்ந்தால் உயிர்த்தசையில் பாயும். மிகவும் வெளியே சாய்ந்தால் குளம்பு பிளக்கும். வெளிவந்த ஆணி முனையை முறித்து மடக்கிவிடுவதோடு பணி முடியும். வாயில்லா உயிரின் வலியைக் கை விரலால் அறியும் தொழில் இது. பள்ளியில் பயின்று பெற்றதன்று. தந்தையின் அருகிருந்து கண்டு கற்றது.

‘லாடம்’ என்னும் சொல்லும் ஒரு சான்றே. லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் காட்டும் நெறி. இச்சொல் தெலுங்கில் ‘லாடமு’ எனவும் கன்னடத்தில் ‘லாள’ எனவும் வழங்குகிறது. சொல் புறத்தேயிருந்து வந்தது. தகட்டை அடித்துத் தந்த கொல்லுலையோ இம்மண்ணில் பழமையானது.

அவ்வுலைக்குரிய கம்மாளர் பற்றி கொங்கு நாட்டுக் கல்வெட்டுகள் அரியதொரு செய்தியைத் தருகின்றன. கோனேரின்மைகொண்டான் என்னும் பெயரால் வெளியிடப்பட்ட அரசாணை கரூர், பேரூர் முதலிய இடங்களில் பொறிக்கப்பட்டுள்ளது. கம்மாளர் தம் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும், வெளியே செல்லும்போது செருப்பு அணியவும் அது உரிமை வழங்குகிறது. உரிமை வழங்கப்பட்டது என்றால், அதற்கு முன் அது மறுக்கப்பட்டிருந்தது என்பது தெளிவு. எருதுக்குக் காலணி செய்யும் இரும்பை அடித்த கைக்கு உரியவர், தம் காலுக்குச் செருப்பணிய அரசாணை பெறவேண்டியிருந்தது! குலப்பெருமை பேசும் எந்தக் கதையையும்விட இவ்வொரு செய்தி முன்னோரின் நிலையை நன்கு விளக்கும்.

அண்மை நூற்றாண்டுகளுக்கு வந்தால் எழுத்துச் சான்றுகள் கிடைக்கின்றன. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் கோயிலுக்கும் ஊர்ப்பணிக்கும் விடப்பட்ட மானிய நிலங்களைக் குறிக்கின்றன. பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899இல் சட்டம் வந்தது. ஊர்க் கணக்குகளைக் காத்துவந்த கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. அவிநாசி இன்று திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், 2009க்கு முந்தைய ஆவணங்களைக் கோயமுத்தூர் மாவட்டத்தின் பெயரிலேயே தேடவேண்டும்.

நிலமற்ற தொழிலாளிக்குப் பத்திரம் ஏது என்று சோர்வடைய வேண்டுவதில்லை. கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை கூறும் பகுதியை ஊன்றிப் படித்தல் நலம். இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் பட்டறைக்கு வடக்கு என்று, தமக்கென ஒரு பத்திரமும் எழுதிக்கொள்ளாதவர் பிறர் பத்திரத்தின் எல்லையாக நின்றுகொண்டிருப்பார்.

1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைவரை இருப்புப்பாதை இணைந்தது. அது அவிநாசியைத் தொடாமல் திருப்பூர் வழியே சென்றது. எனினும் நிலையத்துக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்க வண்டி வேண்டியிருந்தது. லாடத்துக்குத் தேவை குறையவில்லை. தொழிலைத் தளர்த்தியது பின்வந்த லாரியும் டிராக்டருமே. பட்டறைகள் மூடப்பட்டன; பிள்ளைகள் பின்னலாடைத் தொழிலுக்கும் அலுவலகங்களுக்கும் சென்றனர். கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் அந்தியூர்க் குதிரைச் சந்தையும் பழைய உலகின் எச்சங்களாகத் தொடர்கின்றன.

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் சிலர், தம் முன்னோரைப் படைத்தலைவராகவோ பாளையக்காரராகவோ ஆக்கிக் காட்ட விழைவதுண்டு. அது முன்னோருக்குச் செய்யும் சிறப்பன்று. அவர் உண்மையில் செய்த தொழிலை மறைப்பதாகும். நூறு வண்டிகள் நொண்டாமல் ஊர்போய்ச் சேர உழைத்தவர் என்பதே போதிய புகழ். அதை உறுதிசெய்யும் நினைவுகள் இன்று எண்பதைக் கடந்த முதியோரிடம் மட்டுமே உள்ளன. ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். அவர்கள் வாய்மொழிக்கு அவ்வுறுதி இல்லை. எழுதத் தெரிந்தோர் முதலில் செல்லவேண்டிய இடம் அம்முதியோரின் திண்ணையே.