லென்னும் ஸ்மாவும்: எட்டு அமினோ அமில வித்தியாசம்

ஒருவருக்கு மல்டிபிள் மைலோமா. அவருடைய பிளாஸ்மா செல்கள் எதிர்ப்பொருளின் இலகு சங்கிலியை அளவுக்கு மீறிச் சுரந்தன. ஆனாலும் அவர் உடலில் அமிலாய்டு எனும் புரத இழை படியவில்லை. இன்னொருவரின் இலகு சங்கிலி இழையாகத் திரண்டு உறுப்புகளில் படிந்தது. அதுதான் ஏஎல் அமிலாய்டோசிஸ். ஆய்வகத்தில் முதலாமவரின் புரதத்துக்கு லென் என்று பெயர், இரண்டாமவருடையதற்கு ஸ்மா. இரண்டிலும் மாறும் பகுதி 114 அமினோ அமிலங்கள் கொண்டது. வரிசையை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் எட்டே இடங்களில்தான் வேறுபாடு.

இரண்டும் கப்பா-4 வகை. அந்த வகைக்கு மனித மரபணுத் தொகுதியில் செயல்படும் மரபணு ஒன்றே ஒன்றுதான். ஆகவே இருவரின் புரதமும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை. பிறகு வந்த மாற்றங்கள்தான் அவற்றைப் பிரித்தன. மரபணுத் துண்டுகள் இணையும்போது சில மாறுகின்றன. நிணநீர் முடிச்சில் பி செல் கிருமியை எதிர்கொண்டு பெருகும்போது மற்றவை சேர்கின்றன. அங்கே சடுதிமாற்றம் தற்செயலான விபத்து அல்ல. உடலே ஒரு நொதியை ஏவி, வழக்கத்தைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் அதை நடத்துகிறது. கிருமியை இறுக்கிப் பிடிக்கும் செல்லுக்கே பிழைப்பு. புரதத்தின் மடிப்பு சற்றுத் தளர்ந்திருந்தாலும், செல்லைவிட்டு வெளியேறும் அளவுக்கு உருக்கொண்டுவிட்டால் அது தப்பிவிடும். இந்த நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வேறுபடும் இடங்களில் இரண்டை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். 40ஆம் இடத்தில் லென்னுக்கு புரோலின், ஸ்மாவுக்கு லியூசின். புரோலினின் பக்கத்தொடர் வளையமாகிச் சங்கிலியின் முதுகெலும்போடு பிணைந்திருப்பதால் சங்கிலி அங்கே அதிகம் அசைய முடியாது. லியூசினுக்கு அந்த விறைப்பு இல்லை. 96ஆம் இடத்தில் லென்னுக்கு டைரோசின், ஸ்மாவுக்கு குளூட்டமின். இரண்டு இலகு சங்கிலிகள் இணையாகச் சேரும்போது ஒன்றையொன்று தொடும் முகப்பில் இருப்பது இந்த இடம். அங்கே பெரிய நறுமண வளையம் ஒன்று போய், அது இல்லாத, நீரை நாடும் பக்கத்தொடர் வந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகக் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்து முடித்தது. ஸ்மாவும், ரெக் என்ற இன்னொரு நோயாளியின் புரதமும், லென்னைவிடத் தெளிவாக நிலைத்தன்மை குறைந்தவை. இயல்பான சூழலில் இழை கட்டியவையும் இவ்விரண்டு மட்டுமே. பிறகு அந்தக் குழு இவற்றில் இருந்த மாற்றங்களைத் தனித்தனியாகச் சோதித்தது. சில மாற்றங்கள் புரதத்தைத் தளர்த்தின, சில அதை உறுதியாக்கவும் செய்தன. இழையை உண்டாக்கியவை தளர்த்திய மாற்றங்கள் மட்டுமே. ஆக, நோயாளியின் புரதத்தில் காணப்படும் மாற்றம் ஒவ்வொன்றும் குற்றவாளி அல்ல. மாற்றங்களை வெறுமனே பட்டியலிடுவதால் நோய் விளங்காது, ஒவ்வொன்றும் மடிப்பை என்ன செய்கிறது என்று அளந்தாக வேண்டும்.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. மடிப்பைக் குலைக்கும் வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்த்தபோது லென்னும் இழை கட்டியது. சாது என்று நினைத்த புரதத்துக்குள்ளும் அந்தத் திறன் இருக்கிறது. அதைத் தடுத்து வைத்திருந்தது அதன் நிலைத்தன்மைதான்.

ஸ்மாவை வேறொரு குழு அமிலக் கரைசலில் வைத்துப் பார்த்தது. கடும் அமிலத்தில் மடிப்பு பெரிதும் அவிழ்ந்து இழை கட்டியது. மிதமான அமிலத்தில் ஓரளவே தளர்ந்து, ஒழுங்கற்ற திரளாகப் படிந்தது. தளர்வின் அளவும் விளைவைத் தீர்மானிக்கிறது.

2019இல் நோயாளி ஒருவரின் இதயத்திலிருந்து எடுத்த ஏஎல் இழையை ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். சங்கிலியின் இரு பகுதிகளை இணைக்கும் கந்தகப் பிணைப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சுற்றி, சங்கிலியின் இரு பாதிகளும் இயல்பு வடிவத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று 180 பாகை திரும்பியிருந்தன. பழைய மடிப்பு குலையாமல் இப்படித் திரும்புவது நடக்காது. லென்–ஸ்மா சோதனை மறைமுகமாகச் சொன்னதற்கு இது கண்ணால் காணும் சான்று.

சிகிச்சைக்கு இதனால் ஒரு வழி பிறக்கிறது: புரதத்தின் மடிப்பைக் குலையாமல் நிறுத்துவது. ஒவ்வொரு நோயாளியின் சங்கிலியும் வெவ்வேறு வரிசை கொண்டது என்பதால் மாற்றத்துக்கு மாற்றம் மருந்து தேட முடியாது. இன்று முதல் வேலை, சங்கிலியைச் சுரக்கும் செல்களையே அழிப்பது. 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாராட்டுமுமாப் கூட்டுச் சிகிச்சை அந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற வேறொரு புரதத்தின் அமிலாய்டுக்கு, அந்தப் புரதத்தைக் குலையாமல் பிடித்து நிறுத்தும் டஃபாமிடிஸ் ஏற்கெனவே பயனில் இருக்கிறது. அதை உருவாக்கிய ஜெஃப்ரி கெல்லியின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகக் குழு, இலகு சங்கிலிக்கும் அதே முறையில் சிறு மூலக்கூறுகளைத் தேடியது. 2019இல் அவர்கள் காட்டிய மூலக்கூறுகள் இரண்டு சங்கிலிகளும் சேரும் முகப்பில் போய் ஒட்டுகின்றன. அந்தப் பள்ளத்தில் உள்ள அமினோ அமிலங்கள் பெரும்பாலான இலகு சங்கிலிகளில் மாறாமல் இருப்பவை.