வேகமும் பாரமும்



யாழ்ப்பாணத்துச் சவாரித் திடலில் நெல் மூடை ஏற்றும் பெரிய வண்டிலை எவரும் பூட்டுவதில்லை. சவாரிக்கென்றே பாரங்குறைந்த சிறிய வண்டில் உண்டு. விரைந்து ஓட வேண்டியது இலேசாயிருத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். மோட்டார் யுகத்தில் இவ்வுண்மை எவ்வாறு போற்றப்பட்டது, பின்னர் எவ்வாறு கைநழுவியது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நுவரெலியாவில் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டு முதன்முதலாக நடைபெற்றது. ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே மேட்டில் ஏற, அது எடுக்கும் நேரத்தைக் கணிப்பர். சமதரையில் மறைந்திருக்கும் பாரம் மலையில் வெளிப்பட்டுவிடும். ஏற்றத்திலே எஞ்சினை இளைக்கச் செய்யும். வளைவிலே வண்டியைத் திருப்ப விடாது முரண்டும்.

தமிழகத்தில் இதனை நன்குணர்ந்தவர் கோயம்புத்தூர்க் கரிவரதன் ஆவார். 1980களின் பிற்பகுதியில் அவர் மாருதி 800 என்னும் சிறிய குடும்பக் காரின் எஞ்சினை, மெலிந்த ஒற்றையாசனப் பந்தய வண்டியொன்றிற் பொருத்தினார். கடைத்தெருவுக்குப் போய்வரும் காரை இழுத்த அதே எஞ்சின், வீண்பாரம் நீங்கியதும் பந்தய எஞ்சினாயிற்று. ஃபார்முலா மாருதி எனப்பட்ட அவ்வண்டியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005 இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார்.

இங்கிலாந்தில் இலேசையே கொள்கையாகக் கொண்டவர் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கொலின் சப்மன். 1957 இல் வெளிவந்த அவருடைய லோட்டஸ் செவன் ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுடையது. நாற்பது குதிரைவலுவே அதற்குப் போதுமாயிருந்தது. அவர் 1982 இல் மறைந்தார். அந்நிறுவனத்தின் எலிஸ் என்னும் கார் 1996 இல் வந்தபோது எடை 725 கிலோகிராம் அளவிற்று. 2021 இல் அறிமுகமான எமிராவோ 1,400 கிலோகிராமை எட்டிவிட்டது. கொள்கைப் பிடிப்புள்ள இல்லத்திலேயே இந்நிலையெனின் பிறவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பாரம் முழுவதும் வீணென்று கூறுதல் நியாயமன்று. விபத்தில் நசுங்காத உடற்சட்டம், காற்றுப்பை, குளிரூட்டி ஆகிய ஒவ்வொன்றும் தக்க காரணத்துடனேயே வந்தது. பழைய செவன் மோதியிருந்தால் ஓட்டுபவரைக் காக்க அதில் யாதுமில்லை. ஆயின் பாரம் பாரத்தை ஈன்றெடுக்கும். கனத்த வண்டிக்குப் பெரிய எஞ்சின் வேண்டும். அதனை நிறுத்த வலிய பிறேக்கும் அகன்ற டயரும் வேண்டும். அவையும் மேலும் எடை கூட்டும். மின்சாரக் கார்களிலோ பற்றரியின் எடையும் வந்து சேர்கின்றது.

பெருவலுவுள்ள எஞ்சின் நேர்ப்பாதையில் இக்குறையை மறைத்துவிடும். சுக்கானைத் தொட்டதும் திரும்புவதும், பாதையின் மேடுபள்ளம் கைக்குத் தெரிவதும் எஞ்சின் வலுவால் வருவன அல்ல. இலேசான வண்டி மிதமான வேகத்திலேயே இவ்வின்பத்தைத் தந்துவிடும். கனத்த வண்டியோ மிகை வேகத்திலேயே தன் திறமையைக் காட்டும். எடை இரட்டித்தால் மோதலின் சக்தி இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ அது நான்கு மடங்காகும் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த கணக்கு.

கொழும்பிலிருந்து வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடையும் நெடுஞ்சாலை, அக்கரைப்பற்றையும் கல்முனையையும் கடந்து மட்டக்களப்புக்குச் செல்கின்றது. அதன் ஓரத்தில் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் சந்தைகளும் உள்ளன. கனத்த வண்டியின் உருக்குச் சட்டம் உள்ளிருப்பவரைக் காக்கும். பாதையைக் கடக்கும் பிள்ளைக்கும் சைக்கிளில் வரும் முதியவருக்கும் அக்காவல் இல்லை. ஆதலின் ஸ்போர்ட்ஸ் கார்கள் அளவுக்கு மீறிக் கனத்துவிட்டனவா என்னும் வினா செல்வந்தரின் பொழுதுபோக்கைப் பற்றியது மட்டுமன்று. அது வீதியைப் பகிர்ந்துகொள்ளும் நம் அனைவரையும் சார்ந்தது. மிதமான வேகத்தில் மகிழ்ச்சி தரும் வண்டியே பொதுவீதிக்குத் தக்க வண்டி என்பது என் கருத்து.