பலகை ஓரத்துக் கையொப்பம்

பள்ளியில் மறுமலர்ச்சிக் காலம் என்றால் எங்களுக்கு மூன்று பெயர்கள்: லியனார்டோ, மைக்கேலாஞ்சலோ, ரஃபேல். ‘மனிதனை மையமாகக் கொண்ட சிந்தனையே மனிதநேயம்’ என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். அந்த மனிதன் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. பல வருடங்கள் கழித்து ஒரு புத்தகத்தில் பார்த்த ‘சதுரங்க ஆட்டம்’ என்ற ஓவியம்தான் கேட்க வைத்தது.

இத்தாலியின் கிரெமோனா நகரைச் சேர்ந்த சோஃபோனிஸ்பா ஆங்குவிசோலா 1555இல் வரைந்தது. அவருடைய தங்கைகள் மூவர் சதுரங்கப் பலகையைச் சுற்றி இருக்கிறார்கள். லூசியா நம்மை நேராகப் பார்க்கிறாள். எதிரே மினெர்வா ஏதோ சொல்ல வந்தவள்போலக் கையை உயர்த்துகிறாள். நடுவில் சிறுமி யூரோப்பா, மினெர்வாவைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. முந்தைய நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் ஓவியர்கள் வரைந்த பெண்கள் பலர் பக்கவாட்டில் திரும்பி, வாய் மூடி, கல்யாண நகைகளோடு இருப்பார்கள். இந்தப் பெண்களோ யோசிக்கிறார்கள், ஜெயிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள்.

அப்பா அமில்கரே சிறு பிரபு. ஆறு பெண்கள், ஒரு பையன். உயர்குடிப் பெண்களும் கற்க வேண்டும் என்ற மனிதநேயக் கருத்தை ஏற்று மகள்களைப் படிக்க வைத்தார். மூத்தவர்கள் இருவரை ஓவியரிடம் அனுப்பினார். ஆறு பேருக்கு வரதட்சணை என்ற கணக்கும் அவர் மனதில் ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால், நிர்வாண மாதிரியை வைத்து உடற்கூறு பயிலப் பெண்ணுக்கு அனுமதியில்லை. அது தெரியாமல் பெரிய தேவாலய ஓவியங்கள் எப்படிக் கைக்கு வரும்? வீட்டு மனிதர்களே அவருடைய பாடமானார்கள்.

1559இல் ஸ்பெயின் அரசவைக்குப் போனார். பதவி ஓவியர் அல்ல, அரசியின் தோழி. அங்கே அவர் வரைந்த மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் படம் நெடுங்காலம் ஆண் ஓவியர் கணக்கில் இருந்தது.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது சதுரங்கப் பலகை ஓரத்தில் லத்தீனில் உள்ள கையொப்பத்தை. அமில்கரேயின் மகள், கன்னி சோஃபோனிஸ்பா, தன் மூன்று தங்கைகளையும் பணிப்பெண்ணையும் உள்ளபடியே வரைந்தாள் என்கிறது அது. அப்பா பெயர் வேண்டும், கன்னி என்ற உத்தரவாதமும் வேண்டும். மைக்கேலாஞ்சலோவிடம் யாரும் இந்தச் சான்றிதழைக் கேட்கவில்லை.

‘பெண்களுக்கு மறுமலர்ச்சி இருந்ததா?’ என்று 1977இல் வரலாற்றாய்வாளர் ஜோன் கெல்லி கேட்டார். அதைப் படித்த பிறகு என் பார்வை படத்தின் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே அந்தப் பணிப்பெண் நிற்கிறார், வயதானவர். பிரபுவின் மகளுக்குத் தூரிகை கொடுத்த மனிதநேயம் இவருக்கு என்ன கொடுத்தது? தங்கைகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். இவர் பெயர் தெரியாது. ஆனால் முகத்தின் சுருக்கங்களைச் சோஃபோனிஸ்பா விட்டுவிடவில்லை. ‘உள்ளபடியே’ என்று எழுதியது இவரையும் சேர்த்துத்தான்.