அடுக்குப் பந்தயமும் ஆளை விழுங்கும் கணக்கும்

சூதாட்டம் என்றதும் நம் நாட்டார் நெஞ்சில் தோன்றும் காட்சி ஒன்றே. அரசவை, பகடை, சகுனியின் சிரிப்பு. நாட்டையும் தம்பியரையும் தன்னையும் தாரத்தையும் பணயமாக வைத்துத் தலைகுனிந்து நிற்கும் தருமன்! காலட்சேபம் செய்வோர் கண்ணீர் மல்க அதனைக் கூறி, "எல்லாம் விதி" என்று முடித்துவிடுவர். விதியின் தலையில் பழியைப் போட்டபின் விளக்கம் கேட்பார் யார்?

சகுனியின் பகடையிலாவது மாயம் இருந்ததாம். நாம் இங்கே எடுத்துரைக்க விழையும் சூதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பட்டப்பகலில், அச்சிட்ட தாளில், விதிமுறைகளை வெளிப்படையாகக் கூறிவிட்டே ஆடப்பட்ட சூது அது. அதற்கு ஆளானோர் மணிமுடி தரித்த மன்னரல்லர். நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓடாய்த் தேய்ந்த இங்கிலாந்து நாட்டுப் பாட்டாளிகள்.

ஒரு குதிரையின் மீதோ ஒரு கால்பந்து அணியின் மீதோ பணங்கட்டுவது ஒற்றைப் பந்தயம். மூன்று, ஐந்து, எட்டு என்று பல நிகழ்ச்சிகளை ஒரே சீட்டில் கோத்து, அத்தனையும் குறித்தபடி நடந்தால்தான் பரிசு, ஒன்று பிசகினாலும் கட்டிய காசு போயிற்று என்று ஒப்பி ஆடுவது அடுக்குப் பந்தயம். முதல் வெற்றியில் வரும் தொகை முழுதும் இரண்டாவதன் மேல் ஏறும். இரண்டாவதில் வருவது மூன்றாவதன் மேல் ஏறும். செப்புக்காசு கட்டியவன் கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்கிறான். படிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தச் சூது ஏழையின் வீடுதேடி வந்த வரலாறு விந்தையானது. பணங்கட்டும் கடைகளை 1853-ஆம் ஆண்டுச் சட்டம் மூடிற்று. தெருமுனையில் பந்தயம் கட்டுவதை 1906-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. ஒழுக்கம் காக்கவே இச்சட்டங்கள் என்றனர். ஆனால் சீமான் தன் மாளிகையில் சாய்ந்தபடி, தந்தி மூலமோ தொலைபேசி மூலமோ, கடன் கணக்கில் ஆயிரம் பவுன் பந்தயம் கட்டினால்? அது குற்றமன்று! குதிரைப் பந்தயத் திடலுக்கே சென்று கட்டினாலும் குற்றமன்று. தெருமுனையில் ஆறு பென்ஸ் நீட்டிய தொழிலாளியின் தோளில்தான் காவலரின் கை விழுந்தது. செயல் ஒன்று, சட்டம் இரண்டு! மனுநீதி நம் நாட்டில் மட்டுமே விளைந்த பயிர் என்று எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்த்தல் நலம்.

கால்பந்துச் சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதை 1920-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் தடுத்தது. தடுத்ததா? ரொக்கம்தானே கூடாது! இந்த வாரம் சீட்டு, அடுத்த வாரம் பணம் என்று மாற்றிக்கொண்டனர். சட்டத்தின் சந்தில் நுழைந்து சாம்ராச்சியம் கட்டினார் ஒருவர். அவர்தாம் ஜான் மூர்ஸ்.

மூர்ஸ் மான்செஸ்டரில் தந்தி நிறுவனமொன்றில் பணியாற்றிய இளைஞர். 1923-ஆம் ஆண்டில் நண்பர் இருவருடன் ஆளுக்கு 50 பவுன் போட்டு 'லிட்டில்வுட்ஸ்' என்ற பெயரில் தொழில் தொடங்கினார். மான்செஸ்டர் யுனைடெட் அணியின் திடலுக்கு வெளியே 4,000 கூப்பன்களை வழங்கினர். திரும்பி வந்தவை 35. வந்த பணம் 4 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ். அடுத்து ஹல் நகரில் 10,000 கூப்பன்கள் வழங்கினர். திரும்பியது ஒன்றே ஒன்று! நண்பர்கள் விலகிக்கொண்டனர். மூர்ஸ் அவர்தம் பங்கையும் வாங்கிக்கொண்டு நின்றார். பத்தாண்டு கழிவதற்குள் அவர் கோடீசுவரர்.

அவர் எந்த அணியின் மீதும் பந்தயம் கட்டிப் பொருள் ஈட்டவில்லை. சீட்டு அச்சிட்டு ஈட்டினார். வந்த பணம் முழுவதையும் ஒரு குளத்தில் சேர்ப்பதுபோலச் சேர்த்து, செலவையும் தரகையும் முதலில் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வென்றோர்க்குப் பங்கிட்டார். எவர் வென்றாலும் நிறுவனத்திற்கு நட்டமில்லை. 1948 முதல் அரசும் தன் பங்குக்கு வரி எடுத்துக்கொண்டது. முன்பு தெருவில் நின்றவனைப் பிடித்த அதே அரசு!

1936-ஆம் ஆண்டில் கால்பந்து லீக்கின் தலைவர்கள் இவ்வாணிகத்தை ஒழிக்க எண்ணி, எந்த அணி எங்கே ஆடும் என்ற பட்டியலையே மறைத்துவைத்தனர். ஆட்டம் பார்க்கும் மக்கள் சீறினர், கழகங்கள் முணுமுணுத்தன, சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

போர் ஓய்ந்தபின் 1946-இல் வந்தது 'டிரெபிள் சான்ஸ்'. சமநிலையில் முடியும் ஆட்டங்களைக் கண்டறிந்து குறித்தல் வேண்டும். பின்னாளில் எட்டு ஆட்டங்கள் என்பதே வழக்காய் நிலைத்தது. ஐம்பது ஆட்டங்களிலிருந்து எட்டைத் தெரிந்தெடுக்கும் வழிகள் எத்தனை? 53,68,78,650. அந்த வாரம் பத்து ஆட்டங்கள் சமநிலையில் முடிவதாகவே கொள்வோம். பத்திலிருந்து எட்டை எடுக்கும் வழிகள் 45. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிய ஒரு வரி வெல்லும் வாய்ப்பு, ஏறத்தாழ ஒரு கோடியே 19 இலட்சத்தில் ஒன்று! இதற்காகத் தொழிலாளி, வியாழக்கிழமை இரவு அடுக்களை மேசையில் அமர்ந்து, அணிகளின் அண்மைக்கால ஆட்டங்களை ஆராய்ந்து, நாளேட்டு நிபுணரின் கணிப்பைப் படித்து, பென்சிலால் குறியிட்டான். பத்து ஆட்டங்களைத் தெரிந்து, எட்டெட்டாக எல்லா வகையிலும் கோத்து, 45 வரிகளுக்கும் காசு கட்டுவோரும் உண்டு. அதற்கு 'பெர்ம்' என்று பெயர். வரிசைமாற்றம் என்னும் கணிதச் சொல்லின் சுருக்கம் அது. உண்மையிலோ அங்கே வரிசைக்கு இடமில்லை. அது வெறும் சேர்மானமே. பெயரிலேயே பிழை! இலட்சக்கணக்கானோர் வாரந்தோறும் செய்த கணக்கின் பெயரைத் திருத்த எவரும் முன்வரவில்லை.

1963-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கடுங்குளிர். திடல்கள் பனியில் உறைந்தன. வாரக்கணக்கில் ஆட்டம் நடக்கவில்லை. ஆட்டமில்லையேல் சீட்டில்லை, சீட்டில்லையேல் வருவாயில்லை. என்ன செய்தனர்? சனவரி 26-ஆம் நாள் இலண்டனில் ஒரு குழுவைக் கூட்டினர். தலைவர் பிரபசான் பிரபு. உடன் டாம் ஃபின்னி, டாமி லாட்டன், டெட் டிரேக், ஜார்ஜ் யங் ஆகிய பழம்பெரும் ஆட்டக்காரர்களும், ஆர்தர் எல்லிஸ் என்னும் நடுவரும். நடவாத ஆட்டங்களுக்கு, "நடந்திருந்தால் இன்னவர் வென்றிருப்பார்" என்று இக்குழு முடிவு கூறிற்று. அதன்படி பரிசும் பங்கிடப்பட்டது! பனிமூடிய திடலில் பந்தும் இல்லை, ஆளும் இல்லை; முடிவு மட்டும் உண்டு. நம் ஊர்க் கோடங்கியைக் கண்டு நகைத்த வெள்ளையர் நாட்டில் நடந்ததுதான் இது.

பந்தயத் தரகர்களின் அடுக்குக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1961 மே முதல் நாள் தொட்டுப் பந்தயக் கடைகள் முறைப்படி திறக்கப்பட்டன. அங்கே ஆட்டத்திற்கு இவ்வளவு என்று தரகர் முன்கூட்டியே விலை கூறுவார். வெற்றியும் தோல்வியும் சரிபாதி வாய்ப்புள்ள ஓர் ஆட்டம். நேர்மையான விலை, ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய். தரகர் தருவது ஒரு ரூபாய் 90 காசு என்று கொள்வோம். நூற்றுக்கு 5 அவர் பங்கு. பெரிய கொள்ளையாகத் தோன்றாது. இரண்டு ஆட்டங்களைச் சேர்த்தால் தரவேண்டியது 4 ரூபாய், தருவது 3.61, பங்கு பத்தை நெருங்கிவிட்டது. ஐந்தைச் சேர்த்தால் தரவேண்டியது 32, தருவது 24.76, நூற்றுக்கு 22-க்கு மேல். பத்தைச் சேர்த்தாலோ 1,024 தரவேண்டிய இடத்தில் 613. நூற்றுக்கு 40 தரகர்க்கு! பரிசு பெருகுகிறது என்று பந்தயக்காரன் மகிழ்கிறான். பெருகுவது பரிசு மட்டுமன்று. ஒவ்வொரு படியிலும் தரகர் வெட்டும் துண்டும் சேர்ந்தே பெருகுகிறது. அடுக்குப் பந்தயத்தின் உயிர்நிலை இதுவே.

"ஒன்று தவறினாலும் கவலையில்லை" என்று ஆறுதல் கூறும் வகைகளும் உண்டு. 'யாங்கி' என்பது நான்கு தெரிவுகளை இரண்டிரண்டாக ஆறு, மும்மூன்றாக நான்கு, நான்கும் சேர்ந்து ஒன்று என 11 பந்தயங்களாகக் கட்டுவது. ஆறு தெரிவுகளைக் கோத்தால் 57. ஒரு சாறு நிறுவனத்தின் '57 வகை' விளம்பரத்தை நினைந்து அதற்கு 'ஹைன்ஸ்' என்றே பெயரிட்டனர். எட்டுக்கு 247; பெயர் 'கோலியாத்'. முன்சொன்ன விலையிலேயே யாங்கி கட்டி, நான்கில் இரண்டு சரியாக வந்தால் கிடைப்பது 3.61 ரூபாய். கட்டியதோ 11 ரூபாய்! "பாதி சரியாகச் சொன்னோமே" என்ற பெருமிதத்துடன் வீடு திரும்பலாம்.

சோதிடம் பொய் என்று மேடையில் முழங்கும் தோழர்களிடமே நாம் இதனைக் கேட்கிறோம்: ஐந்து ஆட்டங்களின் முடிவைக் கைப்பேசியில் அடுக்கிப் பணங்கட்டும் இளைஞனுக்கும், ஐந்து கிரகங்களும் ஒரே கட்டத்தில் சேரக் காத்திருப்பவனுக்கும் வேறுபாடு யாது? சோதிடராவது வெற்றிலை பாக்கோடு நின்றுவிடுகிறார்.

அடுக்கைச் சரிய விடாமல் காக்க ஒரே வழி, ஆட்டத்தையே விலைக்கு வாங்குவது. அதுவும் நடந்தது. அக்காலத் தரகர்கள் கால்பந்தில் ஒற்றை ஆட்டத்தின் மீது பணயம் ஏற்பதை விரும்புவதில்லை. பலவற்றைச் சேர்த்தே கட்டச் சொல்வர். சூழ்ச்சிக்காரரும் பலவற்றை வாங்கினர். 1962 டிசம்பர் முதல் நாள், ஷெஃபீல்டு வென்ஸ்டே அணி இப்ஸ்விச்சிடம் தோற்றது. அதே நாளில் வேறு ஆட்டங்களும் விலைபோயிருந்தன. 1964-இல் செய்தித்தாள் ஒன்று அதனை அம்பலப்படுத்த, 1965 சனவரியில் நாட்டிங்காமில் ஆட்டக்காரர்கள் சிறைக்குச் சென்றனர்.

நேர்வழியில் ஒருவரும் வென்றதில்லையா? வென்றனர். 1996 செப்டம்பர் 28-ஆம் நாள் ஆஸ்கட் திடலில் ஃபிராங்கி டெட்டோரி என்னும் குதிரையோட்டி அன்றைய ஏழு பந்தயங்களிலும் வென்றார். ஏழையும் கோத்துக் கட்டியோர்க்கு ஒன்றுக்கு இருபத்தையாயிரம் மடங்கு! தரகர்கள் கோடிக்கணக்கில் இழந்தனர். ஆயினும் அந்நாள் இன்றுவரை எத்தனை விளம்பரங்களுக்கு உரமாயிற்று! ஏழாவது குதிரை ஒரு முழம் பிந்தியிருந்தால் அச்சீட்டுகள் அத்தனையும் குப்பை என்பதை அவ்விளம்பரங்கள் கூறா.

அதே 1996-ஆம் ஆண்டு சனவரியில்தான் நம் நாட்டு உச்சநீதிமன்றம் சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றித் தீர்ப்பளித்தது. கலைஞர் ஆட்சி 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராதபடி வழக்கு மன்றத்தில் கட்டுண்டு கிடந்தது. குதிரையின் வளர்ப்பையும் பயிற்சியையும் ஓட்டியின் திறத்தையும் ஆய்ந்து தெரிவது அறிவுத்திறன், ஆகவே அது சூதாட்டமன்று என்றது தீர்ப்பு. திறமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். நூறு பந்தயங்களில் அறுபதில் வெல்லும் குதிரையைச் சரியாகக் கூறவல்ல ஒருவர் இருக்கிறார் என்றே கொள்வோம்; அத்தகைய மேதை அரிதினும் அரிது. அவர் கிண்டியில் 'ஜாக்பாட்' சீட்டு வாங்கி, ஐந்து பந்தயங்களின் வெற்றிக் குதிரைகளையும் குறிக்கிறார். அறுபது விழுக்காட்டை ஐந்து முறை பெருக்கினால் வருவது எட்டு விழுக்காட்டுக்கும் குறைவு. மேதையின் நூறு சீட்டுகளில் 92 கிழிபடும். பந்தயம் முடிந்த மாலையில் தரையெங்கும் சிதறிக் கிடந்த சீட்டுகளோ மேதைகள் வாங்கியவை அல்ல.