ஆளில்லா நிலம் என்ற கணக்கு: கம்பேலா குத்தகையும் அதன் முடிவும்

2007-08இல் உணவு தானிய விலை உலகெங்கும் தாறுமாறாக ஏறியது. இந்தியா உட்படப் பல நாடுகள் அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டன. கையில் பணம் இருந்தாலும் தானியம் கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம், இறக்குமதியை நம்பியிருந்த நாடுகளைப் பிடித்துக்கொண்டது. தானியத்தை வாங்குவதைவிட அது விளையும் மண்ணையே கைவசப்படுத்துவது மேல் என்று அரசுகளும் நிறுவனங்களும் ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பின. அவற்றுள் பெங்களூரைச் சேர்ந்த கருதுரி குளோபலும் ஒன்று.

ஆப்பிரிக்காவில் ரோஜா வளர்த்து ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பிவந்த நிறுவனம் அது. எத்தியோப்பியாவின் மேற்கு ஓரத்தில், இன்றைய தெற்கு சூடான் எல்லையை ஒட்டியுள்ள கம்பேலாவில் அதற்கு 1,00,000 ஹெக்டேர் நிலம் 50 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தது. அதைப் பண்படுத்திக் காட்டினால் மேலும் 2,00,000 ஹெக்டேர் தருவதாகப் பேச்சு. குத்தகைத் தொகை, எத்தியோப்பிய நாணயத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 பிர். 2010ஆம் ஆண்டு மாற்று விலையில் கணக்கிட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 25 ரூபாய். தமிழ்நாட்டு விவசாயக் கூலியாள் ஒருவரின் அரைநாள் கூலிகூட அன்று அதைவிட அதிகம்.

இவ்வளவு மலிவாக ஒரு நிலம் கிடைக்கிறதென்றால், அதன் உண்மையான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பாக்கி ஒருநாள் குத்தகைக்காரரின் வாசலுக்கே வந்து நிற்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எத்தியோப்பிய அரசியல் சட்டத்தின் 40ஆம் பிரிவு, நிலம் அரசுக்கும் மக்களுக்கும் உரியது, அதை விற்க முடியாது என்கிறது. நடைமுறையில் குத்தகைக்கு விடும் கை அரசின் கைதான். அந்த அரசின் பதிவேட்டில் கம்பேலாவின் பெரும்பரப்பு பயன்பாட்டில் இல்லாத நிலம். ஆனால் அங்கே வாழும் அனுவாக் மக்கள் ஓரிடத்தில் சில ஆண்டுகள் சோளமும் மக்காச்சோளமும் விளைவித்துவிட்டு, மண் தேறட்டும் என்று அதை விட்டுவைத்து, அடுத்த இடத்துக்குப் போவார்கள். நூவர் மக்கள் மழைக்காலத்தில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் சென்று, வெள்ளம் வடிந்ததும் பாரோ ஆற்றங்கரைப் புல்வெளிக்கு இறங்கி வருவார்கள். ஆண்டில் எந்த மாதத்தில் போய்ப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதே நிலம் ஊராகவும் தெரியும், வெட்டவெளியாகவும் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தை வைத்து அளந்தவர்களின் கண்ணுக்கு வெட்டவெளி மட்டுமே பட்டது.

மேட்டுக்கும் கரைக்குமான அந்த நடமாட்டம் வெறும் பழக்கம் அல்ல; பாரோ எப்போது எதுவரை ஏறும் என்ற தலைமுறை அறிவு அதில் இருந்தது. கம்பேலாவின் தாழ்நிலத்தில் கரிசல் மண் மிகுதி. மழையில் அது களியாகிவிட்டால் கனரக டிராக்டர் ஆழப் புதையும். 2011இல் ஆறு கரை மீறியபோது கருதுரியின் மக்காச்சோளம் நீரில் மூழ்கியது. கரை கட்டப் பெருஞ்செலவு பிடித்தது. மாடு மேய்ப்பவரிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் தகவலுக்கு, நிறுவனம் ஒரு முழு விளைச்சலை விலையாகக் கொடுத்தது.

இதே காலத்தில் எத்தியோப்பிய அரசு, சிதறிக் கிடந்த குடிகளைப் புதிய கிராமங்களில் ஒன்றுசேர்க்கும் திட்டத்தைக் கம்பேலாவில் நடத்தியது. பள்ளி, மருத்துவமனை வசதிக்காக மக்கள் விரும்பியே வந்தார்கள் என்றது அரசு. அச்சுறுத்தியும் அடித்தும் பெயர்த்தார்கள் என்று மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 2012 அறிக்கை பதிவு செய்தது. இந்தப் பெயர்ப்புக்கும் நிலக் குத்தகைக்கும் தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டையும் அது முன்வைத்தது. அரசு அதை மறுத்தது. நிறுவனங்கள் தமக்கு இதில் பங்கில்லை என்றன. சட்டத்தின் கண்ணில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் குடியிருப்பவரைக் கேட்காமல் நிலம் தர ஓர் அரசால் முடியுமானால், குத்தகைக்காரரைக் கேட்காமல் அதைத் திரும்ப எடுக்கவும் அதே அரசால் முடியும்.

2015 டிசம்பரில் அதுதான் நடந்தது. பண்படுத்தியது 1,200 ஹெக்டேர் மட்டுமே என்று கூறி அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நிறுவனம் அந்தக் கணக்கையும் முடிவையும் ஏற்கவில்லை. ஆனால் அதன் பக்கம் நின்று பேச அந்த மண்ணில் யாரும் இல்லை.

மடகாஸ்கரில் இது இன்னும் வேகமாக நடந்தது. 13 லட்சம் ஹெக்டேரை 99 ஆண்டுகளுக்குத் தென்கொரியாவின் தேவூ லாஜிஸ்டிக்ஸ் பெறப்போகிறது என்ற செய்தி 2008 நவம்பரில் வெளியானதும், அதிபர் ரவலோமனானா மீதான மக்கள் கோபம் மேலும் மூண்டது. 2009 மார்ச்சில் அவர் பதவி இழந்தார். அடுத்து வந்த ரஜோலினா அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

முதலீடே தீங்கு என்பதல்ல இங்கே வாதம். கம்பேலாவுக்குச் சாலை, கிடங்கு, வேலைவாய்ப்பு எல்லாம் தேவை. ஆனால் நிலம் யாரைக் கேட்டுக் கைமாறுகிறது என்பதே கேள்வி. தன் மண் என்று வந்தால் இந்தியாவே கண்டிப்பாகத்தான் நடந்துகொள்கிறது: வெளிநாடுவாழ் இந்தியர்கூட இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அந்த அக்கறையில் ஒரு பங்கை அனுவாக், நூவர் மக்களின் மண்மீதும் காட்டுவதே நியாயம். மொசாம்பிக்கின் 1997ஆம் ஆண்டு நிலச் சட்டம், எழுத்து ஆவணம் இல்லாத பரம்பரை அனுபோக உரிமையையும் ஏற்கிறது. முதலீட்டாளர் அங்குள்ள சமூகத்தைக் கலந்து பேச வேண்டும் என்கிறது. நடைமுறையில் அதிலும் ஓட்டைகள் உண்டு. என்றாலும் ஊராருக்கு அது பேச்சுவார்த்தையில் ஓர் இருக்கை தருகிறது.

கம்பேலாவில் அந்த இருக்கை இருந்திருந்தால், மேய்ச்சல் வழிகளும் விட்டுவைத்த புலங்களும் ஆற்றின் வெள்ளப்படுகையும் கழிந்து கருதுரிக்குச் சில ஆயிரம் ஹெக்டேரே மிஞ்சியிருக்கலாம். அரசின் கணக்குப்படி, அந்த நிறுவனம் ஐந்தாண்டுகளில் பண்படுத்தி முடித்தது அதைவிடக் குறைவு.