அணுத்தடிமக் குறைகடத்திகளில் ஒளி–பருப்பொருள் வலுப்பிணைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

குறைகடத்தியின் மீது ஒளி படும்போது பெயரும் எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் ஒன்றையொன்று ஈர்த்து எக்சிட்டான் என்னும் இணையாகின்றன. இரு ஆடிகளுக்கிடையே உள்ள நுண்குழியில் அடைபட்ட ஒளி, எக்சிட்டானுடன் ஆற்றலை மாறிமாறிப் பரிமாறிக்கொள்ளும். அப்பரிமாற்றம் இழப்பின் வேகத்தை விஞ்சினால், ஒளியும் பருப்பொருளும் கலந்த போலாரிட்டான் தோன்றும், இதுவே வலுப்பிணைப்பு. ஒற்றையடுக்குக் குறைகடத்தியில் இந்நிலை எய்தப்பட்ட வரலாற்றை, குளிரிலிருந்து அறைவெப்பநிலை நோக்கிய நேர்க்கோட்டு வளர்ச்சியாகக் கருதவியலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு தனி மரபுகள்

போலாரிட்டான் என்னும் பெயர் 1958இல் ஜான் ஹாப்ஃபீல்டு எழுதிய கட்டுரையால் நிலைபெற்றது. 1992இல் குளோட் வைஸ்பஷ், யசுஹிக்கோ அராக்காவா உள்ளிட்டோர் நுண்குழிக்குள் அமைந்த கேலியம் ஆர்சனைடு குவாண்டம் கிணறுகளில் வலுப்பிணைப்பைக் கடுங்குளிரில் கண்டனர். அப்பொருளில் எக்சிட்டானின் பிணைப்பாற்றல் ஏறத்தாழ 10 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். அறைவெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 25. 2006இல் காட்மியம் டெல்லுரைடில் காட்டப்பட்ட போலாரிட்டான் ஒடுக்கமும் 19 கெல்வின் அளவிலேயே நிகழ்ந்தது.

மற்றொரு மரபு 2004இல் மான்செஸ்டரில் கிராஃபீனைப் பிரித்தெடுத்ததில் தொடங்குகிறது. மாலிப்டினம் டைசல்பைடு ஒற்றையடுக்காகும்போது ஒளியை மிகுதியாக உமிழ்கிறது என்பதைக் கொலம்பியா, பெர்க்லி பல்கலைக்கழகக் குழுக்கள் 2010இல் தனித்தனியே வெளியிட்டன. இவ்வகை அடுக்கைச் சூழ்ந்த வெளியில் மின்விசை மறைப்பு குறைவாதலின், எக்சிட்டானின் பிணைப்பாற்றல் சில நூறு மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டாக உயர்கிறது.

மரபுகளின் சந்திப்பு

2014இன் இறுதியில், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் வினோத் மேனன் குழுவினர் மாலிப்டினம் டைசல்பைடு ஒற்றையடுக்கை நுண்குழியில் வைத்து, அறைவெப்பநிலையில் 46 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான ஆற்றற்பிளவைக் காட்டினர். அறைவெப்பநிலை என்பது மட்டுமே இதன் புதுமையன்று. கரிமக் குறைகடத்தியில் டேவிட் லிட்ஸே குழுவினர் 1998இலேயே அதை எய்தியிருந்தனர். ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள ஒரே படிக அடுக்கு போதுமானதாக இருந்ததே புதுமை.

இதன்பின் ஆய்வு மீண்டும் குளிரை நாடியது. 2015இல் ஷெஃபீல்டு குழுவினர் மாலிப்டினம் டைசெலினைடைப் போரான் நைட்ரைடுடன் அடுக்கி, தாழ்வெப்பநிலையில் தெளிவான பிளவைப் பதிவுசெய்தனர். 2021இல் அதே டைசெலினைடின் ஒற்றையடுக்கில் போலாரிட்டான் ஒடுக்கத்துக்குச் சான்று காட்டிய ஆய்வும் தாழ்வெப்பநிலையிலேயே நிகழ்ந்தது.

முடிவுரை

இவ்வரிசை தற்செயலானதன்று. உயர்ந்த பிணைப்பாற்றல் எக்சிட்டானை வெப்பத்தால் சிதறாமல் காக்கும். ஆனால் வெப்பத்தால் அதன் நிறமாலைக்கோடு அகல்வதைத் தடுக்காது. எக்சிட்டான் நிலைத்திருப்பது வேறு. அதன் நிலை கலங்காதிருப்பது வேறு. எனவே ‘அறைவெப்பநிலையில் எய்தப்பட்டது’ என்னும் கூற்றை இறுதி வெற்றியாகக் கொள்ளாது, எய்தப்பட்டது பிளவா, ஒடுக்கமா என வினவுவதே வரலாற்றாய்வாளர்க்குரிய முறையாகும்.